பதினோராவது பாத்திரம்

"ஏண்டி, தலைக்கு எண்ணெய் வச்சு எத்தனை நாளாச்சு?" என்று தம்பி கேட்டபோது மங்கையர்க்கரசிக்கு வயது நாற்பத்தெட்டு. தம்பிக்கு அவளைவிட மூன்று வயது குறைவு. இடம், வில்லிவாக்கத்தில் அவள் வைத்திருக்கும் மருந்துக்கடை. சர்க்கரை மாத்திரை வாங்க வந்திருந்த பெரியவர் மாத்திரையை மறந்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெரியவரை ஒருவழியாக அனுப்பிவிட்டு, தம்பியை உள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கிடந்த ஸ்டூலில் உட்கார வைத்தாள் மங்கை.

"சொக்கு, நான் யாருடா?"

அவன் யோசித்தான். யோசிக்க வேண்டிய கேள்வியா அது? "அக்கா," என்றான் கடைசியில், பக்கத்துப் பையனைப் பார்த்து விடை எழுதியவன் குரலில்.

"அப்புறம் எதுக்கு டி போடுற?"

"வாயில வந்துடுது. உன்னப் பாத்தா சின்னப் பொண்ணாத் தெரியற. மூக்கு ஒழுகிட்டு, பாவாடை நாடாவ வாயில கடிச்சுக்கிட்டு நிக்கிற. தூக்கி இடுப்புல வச்சுக்கணும் போல இருக்கு."

"என்னையா?"

மங்கை கொஞ்சம் பூசின உடம்புக்காரி. கொஞ்சம் என்பது அவள் கணக்கு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது.

சொக்கலிங்கம் என்று பெயர் வைத்தவர் அப்பா. அதைச் சுருக்கிச் சொக்கு என்று கூப்பிட்டது வீடு. இன்னும் சுருக்கி 'சொக்' என்று சுவரொட்டியில் போட்டுக்கொண்டது அவனே. இன்றைக்குத் தனிநபர் அரங்காற்றுகை என்றால் சொக். சொக் என்றால் 'எவர்சில்வர் கருவறை'. அதை நாடகம் என்று யாராவது சொல்லிவிட்டால், பணம் போடுகிற மரபுக் கருவூல அறக்கட்டளைக்குக் கோபம் வந்துவிடும். நாடகத்தில் ஆட்கள் நடிப்பார்கள். இதில் நடிப்பே கிடையாது. அதற்கு அத்தாட்சியாக மேடைக்கு மேலே ஒரு விளக்கு தொங்குகிறது.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்வதானால் பதியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ரோஜாக் கிளையை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விடச் செய்வார்களே, அந்தப் பதியம்தான். இங்கே கிளை என்பது சாகக் கிடப்பவரின் ஞாபகம். மண் என்பது வாரிசின் மூளை. படுத்திருப்பவரின் கையில் அவர் புழங்கிய பொருள் ஒன்றை வைப்பார்கள். கை பட்டதும் எந்த ஞாபகம் எழும்புகிறதோ அதைப் பிடித்து, வாரிசின் தலைக்குள் மூடிய மொட்டாக வைத்துவிடுவார்கள். பிற்பாடு வாரிசு அதே பொருளை வெறுங்கையால் தொட்டால் மொட்டு விரியும். ஒரு தடவைதான் விரியும். விரிந்த பிறகு அது அவன் ஞாபகம். தாத்தாவின் கல்யாணத்தில் தானே மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தது போல இருக்கும். பதியச் சட்டம் வந்த நாளிலிருந்து, வசதியுள்ள வீடுகளில் நகை நட்டோடு இதையும் பாகம் பிரித்து எழுதி வைக்கிறார்கள். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துச் சண்டையும் போடுகிறார்கள்.

சௌந்தரம் அம்மாளுக்கு நகை நட்டு கிடையாது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஃபிட்டர் பெண்டாட்டியாகக் காலம் தள்ளியவளுக்குச் சொத்தென்று இருந்ததெல்லாம் எவர்சில்வர் பாத்திரம். ஒவ்வொன்றிலும் 'ப. சௌந்தரம்' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். குவார்ட்டர்ஸில் பேர் வெட்டாமல் பிழைக்க முடியாது. காலையில் சாம்பாரோடு போன கிண்ணம் சாயங்காலம் பாயசத்தோடு திரும்பும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது அங்கே ஏறக்குறைய வசவுக்குச் சமானம். பக்கத்து வீட்டு ரெஜினா அத்தைக்கும் இவர்களுக்கும் நடுவே, ரயில்களைவிட ஒழுங்காகப் பாத்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அம்மாவுக்குக் கடைசி நேரம் என்று தெரிந்ததும், "நினைவு இருக்கும்போதே ஏதாவது பொருள் கொண்டாங்க," என்று ஆஸ்பத்திரியில் அவசரப்படுத்தினார்கள். மங்கைதான் வீட்டுக்கு ஓடினாள். பரணில் கைக்கு எட்டிய பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றாக அம்மாவின் கையில் வைத்தாள். யார் தலையில் பதியம் போடுவது என்ற கேள்வி வந்தபோது, "எனக்கு என் ஞாபகமே போதும்," என்று விலகிக்கொண்டாள். சொக்கு தலையைக் கொடுத்தான்.

அன்றைக்கு அவன் யாருக்கும் தெரியாத நடிகன். தொலைக்காட்சித் தொடர்களில் கோர்ட்டுக் காட்சி வந்தால் வக்கீலுக்குப் பின்னால் நிற்பான். முதல் பாத்திரத்தை, கஞ்சி வடிக்கும் தட்டு அது, ஒரு மொட்டை மாடியில் முப்பது பேருக்கு முன்னால் தொட்டான். தொட்டவன் அம்மாவாகவே ஆகிப் பேசினான். அறக்கட்டளைக்காரர் ஒருவர் அங்கே இருந்தார். அடுத்த பாத்திரத்துக்கு அரங்கம் கிடைத்தது. மூன்றாவதற்கு விளக்கு வந்தது. உண்மையான பதிய ஞாபகம் பேசினால் விளக்கு பச்சையாக எரியும். கற்பனை கலந்தால் அணைந்துவிடும். 'சத்திய விளக்கு' என்று அதற்குப் பெயர். ஜனங்கள் சொக்கைப் பார்க்க வந்தார்கள் என்று சொல்ல முடியாது. விளக்கைப் பார்க்க வந்தார்கள். பச்சை எரிந்தால் தயங்காமல் அழுதார்கள்.

புதிதாக ஒரு பாத்திரம் தொடும் நாளுக்கு 'முதல் திறப்பு' என்று பெயர். டிக்கெட்டுக்குச் சிபாரிசு வேண்டும். மூத்த விமர்சகர் பிரும்மராயன், "இது கஞ்சி வடிக்கும் தட்டல்ல, காலம் வடிக்கும் தட்டு," என்று எழுதினார். அம்மா உயிரோடு இருந்திருந்தால், காலத்தை வடித்துவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கச் சொல்லியிருப்பாள்.

மங்கை முதலில் பெருமைப்பட்டாள். தம்பியின் படம் வந்த பத்திரிகையைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தாள். நாலைந்து பாத்திரங்களுக்கு அப்புறம்தான் உறுத்த ஆரம்பித்தது. பொன்மலைச் சந்தையில் இருவரும் காணாமல் போய், ஒரு வாழைக்காய்க் கடையில் உட்கார்ந்து அழுத கதையை எடுத்தால், "உங்க ரெண்டு பேரையும் தேடி என் கால் தேஞ்சு போச்சு," என்றான். அவன் தேடியவன் இல்லை, தொலைந்தவன். சொன்னால் விழித்தான்.

பத்தாவது முதல் திறப்பு முடிந்து அவன் டி போட்டுக் கூப்பிட்ட மறுநாள், அவள் பதிய மையத்துக்குப் போனாள். டாக்டர் ஷிரின் சின்னப் பெண். பொய் சொல்லிப் பழகாத முகம்.

"இத முன்னாடியே சொல்லலையான்னு கேப்பீங்க. கையெழுத்து வாங்கின தாள்ல சொல்லியிருக்கோம் மேடம். யாரும் படிக்கிறதில்ல."

"இப்ப வாயால சொல்லுங்க."

"ஒரு சம்பவத்துக்கு மூளையில ஒரு சீட்டுதான். உங்கம்மாவோட ஞாபகம் வந்து உக்காந்தா, அதே சம்பவத்தப் பத்தின உங்க தம்பியோட சொந்த ஞாபகம் எந்திரிச்சுப் போயிடும். ஒரு மொட்டு விரிஞ்சா சும்மா இருக்காது. பக்கத்துல இருக்கிற ஞாபகத்துக்கெல்லாம் வேர் ஓடும்."

"அப்ப அவனுக்குன்னு எதுவுமே மிஞ்சாதா?"

"அப்படி இல்ல. காலேஜ், ஃபிரெண்ட்ஸ், வேலை, அதெல்லாம் பத்திரம். உங்கம்மா இல்லாத இடத்துல எதுவும் அசையாது. ரெண்டு பேரும் சேந்து இருந்த இடத்துலதான் இடிக்கும். நாங்க ஒரு பொருளுக்கு மேல வேண்டாம்னுதான் சொல்வோம். பதினொண்ணு..." அவள் கணினித் திரையைப் பார்த்தாள். "பதினொண்ணு கொண்டு வந்தது யாரு?"

மங்கை பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம் சொக்கு மறுபடி கடைக்கு வந்தான். இந்தத் தடவை எண்ணெயைப் பற்றிக் கேட்கவில்லை. அதே ஸ்டூலில் உட்கார்ந்து கைவிரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, அம்மா முகம் போயிடுச்சு."

"என்னடா உளர்ற?"

"இருக்கிறதெல்லாம் அவ பாத்தது. அவ கண்ணால பாத்தா உன்னத் தெரியும், என்னத் தெரியும், அப்பா தெரிவாரு, அடுப்பு தெரியும். அவ முகம் எப்படித் தெரியும்? கண்ணாடி பாக்கிற பழக்கம்கூட இல்லாதவ. பொட்டக்கூட விரலாலயே குறி பாத்து வைப்பா."

மங்கை மேஜை இழுப்பறையைத் திறந்து அம்மாவின் படத்தை எடுத்து அவன் முன் வைத்தாள். ரேஷன் அட்டைக்காக எடுத்தது. அம்மா அதில் போலீஸைப் பார்த்தவள் மாதிரி இருந்தாள்.

அவன் படத்தைத் தள்ளி வைத்தான். "இதப் பாத்தா 'இது நான்'னு தோணுது. என் பழைய போட்டோவ யாரோ காட்டுற மாதிரி. அம்மா மாதிரியே இல்லக்கா."

"அம்மாதாண்டா அது."

"எனக்குத் தெரிஞ்ச அம்மா இப்படி இல்ல. ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு. என்னோடது. பள்ளிக்கூட கேட்டு, மழை, அம்மா கையில சாப்பாட்டுத் தூக்கோட நிக்கிறா. சிரிக்கிறா. அவ்வளவுதான். பத்துப் பாத்திரம் தொட்டும் அது மட்டும் போகல. தெனம் காலைல எந்திரிச்சதும் அது இருக்கான்னு பாத்துக்கிறேன், பர்ஸத் தொட்டுப் பாக்கிற மாதிரி."

மங்கை படத்தை இழுப்பறைக்குள் திருப்பி வைத்தாள். பதினோராவது பாத்திரம் எது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குக் கடைசியாக அம்மாவின் கையில் வைத்தது ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு. அதை ஆஸ்பத்திரியிலிருந்தே உறையில் போட்டு மூடி, இப்போது அறக்கட்டளை அலுவலகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள், ஏதோ அரசருடைய எலும்பு மாதிரி.

"தொடாதே," என்றாள்.

"பெரிய அரங்கத்துல ஏற்பாடாயிடுச்சு. வசுமதி மேடம் வெளிநாட்டுக்காரங்களையெல்லாம் கூப்பிட்டிருக்காங்க. அது முடிஞ்சா ஆயுசுக்கும் கலைஞன் நல்கை, மாசாமாசம் பணம் வரும். மாட்டேன்னா எல்லாம் போச்சு."

"போகட்டும். தூக்கத் தொடாம, இருக்கிறத வச்சுச் சொல்லேன். உன் ஞாபகமும் ஞாபகம்தானே."

"விளக்கு எரியாது. அதுக்குப் பதிய ஞாபகம் மட்டும்தான் தெரியும்."

"எரியாட்டி என்ன?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "விளக்கு எரியலைன்னா நான் வெறும் நடிகன்க்கா."

அந்த ஒரு வார்த்தையில் எத்தனை பயம்! இருபது வருஷம் அவன் ஆசைப்பட்டது நடிகனாவதற்குத்தான் என்பதையும் மறந்துவிட்டானோ? மங்கை மேற்கொண்டு வாதாடவில்லை. கடை வாசல் வரை வந்து வழியனுப்பினாள். படி இறங்கும்போது அவன் திரும்பி, "வேளாவேளைக்குச் சாப்பிடுடி," என்றான். அவன் போய்த் திருப்பத்தில் மறையும் வரை அவள் அங்கேயே நின்றாள். தூக்கைத் தொட்டுவிட்டால் இந்த 'அக்கா'வும் போய்விடும். தம்பி என்ற பெயரில் அம்மா ஒருத்தி தாடி வைத்துக்கொண்டு வந்து போவாள்.

விழா நாளில் அவளுக்கு முன்வரிசையிலிருந்து மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. 'மரபின் உடன்பிறப்பு' என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு அட்டையும் கொடுத்தார்கள். சட்டை இல்லாததால் புடவையில் குத்திக்கொண்டாள்.

முதலில் குத்துவிளக்கு. ஐந்து பிரமுகர்கள் ஒரு மெழுகுவர்த்தியைக் கைமாற்றி ஐந்து திரியை ஏற்றினார்கள். ஏசிக் காற்று ஐந்தையும் அணைத்தது. இரண்டாவது தடவையும் அணைத்தது. மூன்றாவது தடவை, ஏற்றியதாக வைத்துக்கொள்ளலாம் என்று தொகுப்பாளர் அறிவித்தார். கைதட்டினார்கள். அறக்கட்டளைத் தலைவர் வசுமதி, ஏழ்மையாகத் தெரிவதற்கென்றே விலை கொடுத்து வாங்கிய கைத்தறிப் புடவையில் வந்து, சமையலறைப் பாத்திரங்களின் ஆன்மாவைப் பற்றி மனமுருகிப் பேசினார். தன் வீட்டுச் சமையலறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரியுமா என்று மங்கைக்குச் சந்தேகமாக இருந்தது. பிரும்மராயன் பேசியது யாருக்கும் புரியவில்லை. அதனால் எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

அப்புறம் இருட்டு. மேடை நடுவே கண்ணாடிப் பேழை. அதற்குள் தூக்கு. மேலே அணைந்த விளக்கு.

சொக்கு வந்தான். பழைய பாத்திரங்கள் ஒவ்வொன்றையும் எடுத்தான், வைத்தான், பேசினான். விளக்கு பச்சையாக எரிந்தது. அம்மா அரிசி களைந்தாள், அப்பாவோடு சண்டை போட்டாள், குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். மங்கைக்கு உடம்பு கூசியது. குரல் அச்சு அசலாக அம்மாதான். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர் தேம்பினார்.

பேழையைத் திறந்தார்கள். சொக்கு கையை நீட்டினான். நீட்டிய கையை நிறுத்தினான். தோளில் கிடந்த கரித்துணியை எடுத்தான். அடுப்பிலிருந்து கொதிக்கிற பாத்திரத்தை இறக்க அம்மா வைத்திருந்த கரித்துணி அது. அதை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, சூடு பட்டுவிடுமோ என்று பயந்தவன் போலத் தூக்கை எடுத்து முன்னால் வைத்தான். விரல் நுனிகூடப் படவில்லை.

பச்சை விளக்கு அணைந்தது.

"இது நான்," என்றான். அம்மாவின் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பான, கொஞ்சம் கோழையான அவன் சொந்தக் குரல். "அம்மா இல்ல. நான். எட்டு வயசு."

மங்கை தன் கையைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூட கேட்டு. மழைன்னா அப்படி மழை. எல்லார் வீட்லேருந்தும் சாப்பாடு வந்துருச்சு, எனக்கு மட்டும் வரல. வராதுன்னே முடிவு பண்ணிட்டேன். அழக் கூடாதுன்னு கேட்டுக் கம்பிய எண்ணிக்கிட்டு நிக்கிறேன். அப்பத்தான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குடை. காத்துல குடை திரும்பிக்குது. அத மடக்கி அக்குள்ல வச்சுக்கிட்டு, தூக்க நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, நனைஞ்சுக்கிட்டே வர்றா. என் அம்மா."

"விளக்கு ஃப்யூஸ் போயிடுச்சா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். "உஷ்!" என்றது இன்னொரு குரல். விளக்கைக் கவனிக்கிற ஆள் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்து, விளக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று சைகை செய்தான்.

மங்கைக்கு இதெல்லாம் காதில் விழவே இல்லை. அவள் சந்தோஷத்தில் இருந்தாள். தொடவில்லை. தொடவில்லை! தம்பி திரும்பி வந்துவிட்டான்.

"முகம் முழுக்கத் தண்ணி. நெத்தியில பொட்டில்ல, மழையில கரைஞ்சு போயிருக்கு. என்னப் பாத்துச் சிரிக்கிறா. சிரிச்சா ரெண்டு கன்னத்துலயும் குழி விழுது. அந்தக் குழியில மழைத்தண்ணி நிக்குமான்னு நான் பாத்துக்கிட்டே இருக்கேன். சோத்தக்கூட மறந்துட்டேன். அது ஒண்ணுதாங்க எங்கிட்ட இருக்கு. அத இந்தத் தூக்குகிட்டக் குடுக்க மாட்டேன்."

மங்கையின் கை தளர்ந்தது.

அம்மாவுக்குக் கன்னத்தில் குழி கிடையாது.

பொட்டும் அப்படிக் கரைகிற பொட்டு இல்லை. காலணா அகலத்துக்கு, மெழுகு தடவி அதன்மேல் அப்பிய குங்குமம். குளித்துவிட்டு வந்தாலும் நெற்றியில் கறை நிற்கும். பொட்டே வைக்காத நெற்றி குவார்ட்டர்ஸில் அவர்கள் வரிசையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அந்த வருஷம் மழைக்காலம் முழுக்க அம்மா மஞ்சள்காமாலையில் படுத்திருந்தாள். அடுப்பே எரியவில்லை. பக்கத்து வீட்டில்தான் இவர்களுக்கும் சேர்த்துப் பொங்கினார்கள். குடை திரும்பிக்கொள்ள நனைந்துகொண்டே வந்த ரெஜினா அத்தையைப் பார்த்து மங்கையும் அதே கேட்டில்தான் நின்றாள், தம்பிக்கு ரெண்டடி பின்னால். எலுமிச்சம்பழச் சாதமும் தேங்காய்த் துவையலும். தம்பி துவையலையெல்லாம் ஒருவனே தின்றுவிட்டான் என்று அன்றைக்குச் சண்டை போட்டதுகூட நினைவிருக்கிறது.

'உங்கம்மா இல்லாத இடத்துல எதுவும் அசையாது.' டாக்டர் ஷிரின் எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! அம்மா இருந்த இடமெல்லாம் போய்விட்டது. பத்துப் பாத்திரத்தின் வேருக்கும் தப்பி இந்த ஒன்று நின்றதென்றால், அதில் அம்மா இல்லை என்பதால்தான் நின்றது. மிஞ்சிய ஒரே முகத்தை அவன் அம்மா என்று எடுத்துக்கொண்டுவிட்டான்.

மேடையில் வெளிச்சம் வந்தபோது கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தது, கூரையில் நின்றுபோன மழை சொட்டுவது மாதிரி. முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, அணைந்த விளக்கைப் பார்த்ததும் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சொந்தமா விட்டுட்டான்யா," என்று யாரோ சொல்ல, "இதுக்குப் போயி அழுதேனே!" என்றார் இன்னொருவர். பிரும்மராயன் எதுவும் சொல்லவில்லை. நாளைக்கு எல்லோரும் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அவர் எழுதுவார்.

ஒப்பனை அறைக்கு மங்கை போனபோது வசுமதி உள்ளே இருந்தார். குரல் உயரவில்லை. அவர் கோபத்தைக்கூட நல்ல பாத்திரத்தில் வைத்துத்தான் பரிமாறுவார்.

"ரொம்ப துணிச்சல், சொக். ஆனா நாங்க கூப்பிட்டது உங்கம்மா ஞாபகத்த. உங்க கற்பனைய இல்ல."

"கற்பனை இல்லீங்க. என் ஞாபகம்."

"உங்க ஞாபகம் யாருக்கு வேணும்? அவங்கவங்க ஞாபகம்தான் அவங்கவங்ககிட்ட இருக்கே." அவர் கைப்பையை எடுத்துக்கொண்டார். "வர்ற ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை வைக்கிறேன். இன்னைக்கு நடந்தது ஒத்திகைன்னு சொல்லிடலாம். வெறுங்கையால தொடுங்க, விளக்கு எரியட்டும், எல்லாரும் மறந்துடுவாங்க. மாட்டேன்னா சொல்லிடுங்க. ஒரு பாட்டனாரோட ஊன்றுகோல வச்சிருக்கிற பையன் ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்."

அவர் போனதும் அறை பெரிதானது போல இருந்தது. மேஜை மேல் கரித்துணியில் சுற்றிய தூக்கு. பக்கத்தில், கலைஞருக்கென்று வைத்த மிக்சரும் ஆறிப்போன காபியும்.

"தொட மாட்டேன்க்கா," என்றான் சொக்கு. முகத்தில் பூசியிருந்த சாயம் வேர்வையில் ஒழுகியிருந்தது. ஆனால் கண் அவனுடைய கண். துவையலைத் தின்றுவிட்டு இல்லை என்று சாதித்தவனின் கண். "வக்கீலுக்குப் பின்னால போய் நின்னுக்கிறேன். என்ன இப்ப?"

"அதுக்கும் ஆள் வேணும்ல," என்றாள் மங்கை.

அவன் சிரித்தான். அவள் கரித்துணியை விலக்கித் தூக்கைக் கையில் எடுத்தாள். அவள் தொட்டால் ஒன்றும் விரியாது. அவளுக்கு அது வெறும் எவர்சில்வர். காதோரம், கைப்பிடி சேரும் இடத்தில், புள்ளி புள்ளியாக வெட்டிய பேர். கட்டைவிரலால் தடவிப் பார்த்தே படித்துவிட்டாள். 'ஆ. ரெஜினா.'

கடைசிச் சாப்பாடு வந்த தூக்காக இருக்கும். அம்மா படுக்கையிலிருந்து எழுந்து, இதில் என்னத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பது, அத்தனை நாள் சோற்றுக்கு எதை வைத்தால் ஈடாகும் என்று யோசித்துக்கொண்டே இருந்திருப்பாள். அதற்குள் அத்தை வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து அவர்கள் போய்விட்டார்கள். தூக்கு பரணுக்குப் போனது. அன்று ஆஸ்பத்திரி அவசரத்தில் மங்கை பேர் பார்க்காமல் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அதை அம்மாவின் கையில் வைத்தபோது அம்மாவுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்? வேறென்ன, ரெஜினாவின் முகம்தான். குழி விழுகிற கன்னமும் பொட்டில்லாத நெற்றியும்.

இவன் இதைத் தொட்டால் அந்த மழை ஞாபகம் அழியாது, அம்மா அதில் இல்லையே. விளக்கு பச்சையாக எரியும். நல்கை வரும், வசுமதி வருவார், பிரும்மராயன் எழுதுவார். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தம்பி மறுபடியும் சொக் ஆகிவிடலாம். ஆனால் தொட்ட கணத்தில் அம்மாவின் கண்ணால் அந்த முகத்தைப் பார்த்து, அது யாருடைய முகம் என்பதையும் தெரிந்துகொண்டுவிடுவான். அப்புறம் அவன் காலையில் எழுந்ததும் தடவிப் பார்த்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

"அக்கா."

"ம்."

"நீ பதியம் வாங்கல. உங்கிட்ட எல்லாம் அப்படியே இருக்கும்." அவன் தயங்கினான். "அம்மா சிரிச்சாக் கன்னத்துல குழி விழும்ல?"

மங்கை தூக்கைத் திருப்பி, பேர் வெட்டிய பக்கத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"விழும்," என்றாள்.

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமுந்தான்."

அவன் நாற்காலியில் சாய்ந்தான். ரொம்ப நாள் சுமந்த எதையோ இறக்கி வைத்தவன் மாதிரி மூச்சு விட்டான். மங்கை கரித்துணியைத் தூக்கின் மேல் அழுத்திச் சுற்றினாள்.

"இத நான் கொண்டு போறேன். எங்க வீட்ல இருக்கட்டும். கேட்டா, அக்கா எடுத்துட்டுப் போயிட்டா, தர மாட்டேங்கறான்னு சொல்லு."

"சரி." அவன் திடீரென்று எழுந்தான். "இரு, இரு. வெறும் பாத்திரத்தக் கொண்டு போகாதே."

துணி போர்த்திய மூடியை அவளையே திறக்கச் சொல்லி, தட்டிலிருந்த மிக்சரை அலுங்காமல் உள்ளே கொட்டினான். ஒரு துணுக்குகூடக் கீழே சிந்தவில்லை. அந்தக் கை யாருடையது என்று மங்கைக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆட்டோவில் ஏறித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை சொல்ல வரவில்லை. புடவையில் இன்னும் குத்தியிருந்த 'மரபின் உடன்பிறப்பு' அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

அவளிடமாவது பத்திரமாக இருக்கிறதே! அவள்தான் எந்த இயந்திரத்துக்கும் தலையைக் கொடுக்காதவள். நினைத்துப் பார்க்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா உடனே வந்தாள். காலணா அகலப் பொட்டு, மூக்குத்தி, ரேஷன் அட்டைக்குப் பிடித்த அதே கண்டிப்பான முகம். மங்கை காத்திருந்தாள். அம்மாவின் உதடு மெல்ல விரிந்தது, கன்னம் அசைந்தது, சிரிக்கப் போகிறாள்.

மங்கை அவசரமாகக் கண்ணைத் திறந்துகொண்டாள்.